காவலனின் சந்தேகம்

அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவர்களைப் பற்றிப் பெருமை பேசுவதில் மதுரைக்காரர்களாகிய நமக்கு அலுப்பே ஏற்படுவதில்லை. எதிரே நிற்பவர் இறைவனே என்று தெரிந்த பின்னும் பாட்டில் கண்ட பிழையைப் பிழை என்றே சாதித்த நக்கீரரையும், ஒற்றைச் சிலம்பை ஏந்திக்கொண்டு பாண்டியன் சபைக்குள் நுழைந்து அரசனின் தீர்ப்பு அநீதியானது என்று நிரூபித்த கண்ணகியையும், பள்ளிக்கூட ஆண்டு விழா முதல் பட்டிமன்ற மேடை வரையில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வருகிறோம். கொண்டாட வேண்டியவர்களே, சந்தேகமில்லை. ஆனால் அவ்விருவரும் கொடுத்த விலையை நாம் கணக்கில் எடுப்பதில்லை. நக்கீரர் நெற்றிக்கண்ணின் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்பது கதை. கண்ணகிக்கோ வழக்கில் வெற்றி கிடைத்ததே தவிரக் கணவன் கிடைக்கவில்லை. ஒரு குறையை எடுத்துச் சொல்வதற்கு நக்கீரரின் நெஞ்சுரம் தேவைப்படுகிற இடம் எதுவோ, அந்த இடம் நன்றாக நிர்வகிக்கப்படும் இடம் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

நல்ல தலைவர்கள் தமக்குக் கீழே பணிபுரிகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டுமா என்ற வினாவை இக்காலத்து நிர்வாகக் கல்லூரிகள் பெரிதாக விவாதிக்கின்றன. கேட்க வேண்டும் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு எழுந்து போய்விடலாம். அப்படிக் கூறாத நிர்வாகி எவரும் இன்று இல்லை. கேட்பது எந்த வேளையில், யாரிடம், கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வதற்காக என்று விசாரிக்கப் புகும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. அந்தச் சிக்கலை விளங்கிக்கொள்வதற்கு நாம் வெளியூர்ப் புத்தகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை ஒரு முறை நிதானமாகப் படித்தாலே போதும்.

வழக்குரை காதையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் இந்தக் காதையை விரைந்து கடந்து போய்விடுகிறார்கள். ஊடல் கொண்ட கோப்பெருந்தேவியைச் சமாதானம் செய்வதற்காக அந்தப்புரம் நோக்கி நடந்து கொண்டிருந்த பாண்டியனை வாயிலில் மறித்து, தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் அகப்பட்டுவிட்டான் என்று பொற்கொல்லன் சொல்ல, அரசனும் நின்று விசாரிக்காமல் காவலரை அழைத்துக் கட்டளையிட்டுவிட்டுப் போய்விடுகிறான். அக்காவலர்கள் கோவலன் இருந்த இடத்துக்கு வருகிறார்கள், அவனைப் பார்க்கிறார்கள், பார்த்த மாத்திரத்தில், இவன் தோற்றத்தையும் லட்சணத்தையும் கண்டால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று வாய்விட்டே சொல்கிறார்கள்! பொற்கொல்லன் ஏளனமாகச் சிரித்து, மந்திரம் முதலாகக் கருவி ஈறாகக் கள்வர்கள் கைக்கொள்ளும் எட்டு வகை உபாயங்களையும் விவரித்து அவர்கள் வாயை அடைக்கிறான். இளைஞன் ஒருவன் முன்பு ஒரு மழை இரவில் தன் வாளையே பறித்துச் சென்ற கள்வனைப் பற்றிக் கதை சொல்கிறான். பேச்சு இவ்வாறு நடந்து கொண்டிருக்கையில், குடிவெறியில் இருந்த கல்வியறிவற்ற ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான்.

இளங்கோவடிகள் அந்தச் சந்தேகத்தைப் போகிற போக்கில் எழுதி வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் பாண்டிய நாட்டில் உண்மைக்கு மிக அருகில் நின்றவர்கள் அமைச்சர்களோ புலவர்களோ அல்லர், ஏவலுக்குப் போன அந்தச் சாதாரணக் காவலர்களே. அவர்களுக்குக் கண் இருந்தது, சந்தேகமும் எழுந்தது, அதைச் சொல்லும் தைரியம்கூட ஓரளவு இருந்தது; இல்லாமற் போனது அந்தச் சந்தேகம் அரண்மனைக்குத் திரும்பிப் போவதற்கு ஒரு வழி. அவர்களில் ஒருவன் திரும்பி ஓடி, அரசே, ஆள் அப்படிப்பட்டவனாகத் தெரியவில்லை, தாங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்ற சம்பிரதாயம் அந்த நாட்டில் இருந்திருக்குமானால் காப்பியம் அத்துடன் முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் பாண்டியன் செவிடன் அல்லன். தலைவிரி கோலமாக வந்து நின்ற ஒரு பெண்ணின் கோபத்தை வாயிற்காவலன் அஞ்சியபடியேனும் உள்ளே போய்ச் சொன்னான்; அரசனும் அவளை உடனே வரச் சொன்னான், பொறுமையாகக் கேட்டான், தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று ஒளிக்காமல் சொன்னான், மாணிக்கம் தெறித்ததும் தன் பிழையை ஏற்று அங்கேயே உயிர் விட்டான். வெளியிலிருந்து குறையுடன் வந்தவளுக்கு வாசல் திறந்திருந்தது. உள்ளேயிருந்த சேவகனின் ஐயத்துக்கோ வாசலே வைக்கப்படவில்லை.

நம் நாட்டு நிர்வாகத்தின் ஸ்திதி இன்றும் இதிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதாகச் சொல்ல முடியாது. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பேரையூரிலிருந்தும் விடியற்காலைப் பேருந்து ஏறி வந்தவர்கள் மனுவும் கையுமாக வரிசையில் நிற்கிறார்கள். விவசாயிகளுக்கு மாதம் ஒரு கூட்டம் உண்டு; கிராமங்களுக்குச் சென்று நடத்தும் மனுநீதி நாளும் உண்டு. இவற்றின் பிரயோஜனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எந்த மேசையைப் பற்றி முறையிட்டார்களோ அதே மேசைக்கே மனு சுற்றி வந்து சேர்கிறது என்பது ஜனங்களின் பழைய புகார் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். தவறு நிகழ்ந்து முடிந்த பிறகு, பாதிக்கப்பட்டவரின் முறையீட்டைக் கேட்பதற்கு இத்தனை ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிற நாம், இந்த உத்தரவு தப்பாகப் போகும் ஐயா என்று ஒரு கிராம நிர்வாக அலுவலரோ துப்புரவு மேற்பார்வையாளரோ முன்கூட்டிச் சொல்வதற்கு என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்? அரசாங்க அலுவலகங்களை மாத்திரம் குறை சொல்வதிலும் நியாயமில்லை. மாசி வீதிகளில் உள்ள ஜவுளிக் கடைகளிலும், தனியார் பள்ளிக்கூடங்களிலும், மருத்துவமனைகளிலும் முதலாளியிடம் வாடிக்கையாளர் குறை சொன்னால் மரியாதையாகக் கேட்பார். விற்பனைப் பையன் அதே குறையைச் சொன்னால், உனக்கு எதற்கு அந்தக் கவலை, சொன்ன வேலையைப் பார் என்று பதில் வரும்.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பாண்டியன் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை என்பதன்று, பொற்கொல்லன் பேச்சைக் கேட்டான் என்பதே அவன் கேடு. வேளை பார்த்து, தலைவரின் மனநிலை பார்த்து, வாசற்படியில் தனியாக நிறுத்திக் காதோடு சொல்லப்படும் யோசனைக்கு எந்த ஸ்தாபனத்திலும் பஞ்சமில்லை. என் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், யாரும் வந்து சொல்லலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தலைவர்களின் அறைக்குள் முதலில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் பொற்கொல்லர்களே. ஆகையால் கீழே உள்ளவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்பது என்பதைக் கோள் கேட்பதாகச் சுருக்கிவிடக் கூடாது. சொல்லப்படுவது காரியத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்; சம்பந்தப்பட்டவர்கள் எதிரே இருக்க வேண்டும்; காரியம் முடிவதற்கு முன்பு சொல்லப்பட வேண்டும்.

பழைய நூல்கள் இந்தத் தேவையை அறியாதவை அல்ல. செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பை வள்ளுவர் அரசனின் இலக்கணத்திலேயே சேர்த்து வைத்தார். இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் தானே கெட்டுப் போவான் என்றும் எச்சரித்தார். இதே பாண்டிய நாட்டில் அறிவுடை நம்பி ஆண்டபோது, பிசிராந்தையார் அவனிடம் சென்று, யானைக்கு விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாளைக்குப் போதும், யானையே வயலுக்குள் புகுந்தாலோ தின்பதைக் காட்டிலும் மிதித்து அழிப்பதே அதிகம் என்று வரி வாங்கும் முறையைப் பற்றி எடுத்துரைத்த செய்யுள் புறநானூற்றில் இருக்கிறது. கெடுதல் நேர்வதற்கு முன்பே வந்த புத்திமதி அது. ஆயினும் சொன்னவர் புலவர். அவருக்கென்று ஒரு கௌரவமும் பாதுகாப்பும் இருந்தன. வரி தண்டப் போன சேவகன் இதையே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தச் சேவகன் நிலையில் இருப்பவர்களின் வாய்மொழியாக வந்த செய்தி ஒரு பெரிய ஸ்தாபனத்தின் நடைமுறையையே மாற்றியதற்கு மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அரசாங்க மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்ட அந்த மனிதர், 1976-இல் அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த வரலாறு எல்லாரும் அறிந்ததே. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் குடும்பத்தாரும் உடன் நின்றார்கள். கிராமங்களில் முகாம் போட்டுக் கண்புரை நோயாளிகளைக் கண்டுபிடித்து, மருத்துவமனைக்கு வந்தால் இலவசமாக அறுவை செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அறுவை அவசியம் என்று சொல்லப்பட்டவர்களில் மிகப் பலர் வரவே இல்லை.

இந்த இடத்தில் சாதாரணத் தலைவர் ஒருவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்பதை நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். படிப்பில்லாத ஜனங்கள், கத்திக்குப் பயப்படுகிறார்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு, விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரம் ஒன்றை அச்சடித்திருப்பார். அரவிந்த் செய்தது வேறு. வராதவர்களின் வீடு தேடி ஆட்களை அனுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்கச் சொன்னார்கள். அந்தப் பணியாளர்கள் கொண்டு வந்த பதிலில் பயமும் இருந்தது என்பது மெய்யே. ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசில்லை என்பதும், துணைக்கு வர ஆள் இல்லை என்பதும், வீட்டை விட்டுவிட்டு வர முடியாது என்பதும், வீட்டார் சம்மதிக்கவில்லை என்பதும், மங்கலாகவேனும் இன்னும் கண் தெரிகிறதே என்பதும் இருந்தன. பட்டியலைப் படித்துப் பார்த்தால் அதில் பாதிக்குமேல் நோயாளியின் அறியாமை அன்று, மருத்துவமனையின் கணக்குப் பிழை. துணைக்கு வரும் மகனுக்குப் போகும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவமனை இலவசம் என்று எழுதிய சிகிச்சைக்கு வாடிப்பட்டிக் கூலிக்காரர் கொடுக்க வேண்டிய விலை இருந்தது.

கேட்ட பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோயாளிகளை முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்து வந்து, உணவும் தங்க இடமும் கொடுத்து, அறுவை முடிந்து திரும்பவும் கொண்டுபோய் விடுவது என்ற ஏற்பாடு நிலைபெற்றது. ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் சேர்ந்தே வந்ததால் துணைக்கு ஆள் இல்லை என்ற குறையும், தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருந்ததால் பயமும் ஓரளவு தீர்ந்தன. அத்துடன் திருப்தி அடைந்துவிடவும் இல்லை. கண்ணில் குறையுள்ள கிராமத்தவர்களில் முகாமுக்கு வந்து சேர்கிறவர்கள் 100 பேருக்கு ஏறத்தாழ 7 பேரே என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்லிற்று. முகாம்களால் உலகப் புகழ் பெற்றுவிட்ட ஒரு ஸ்தாபனத்துக்கு இதைக் காட்டிலும் கசப்பான செய்தி இருக்க முடியாது. அந்த ஆய்வில் அரவிந்தைச் சேர்ந்தவர்களே பங்கு கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முகாமோடு நிற்காமல், சிற்றூர்களை ஒட்டி நிரந்தரமான சிறு பார்வை மையங்களைத் திறந்து, அங்கே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் நகரத்து மருத்துவர் கணினித் திரை வழியாகப் பேசும் முறை அதன் பின்னரே பரவியது.

தலைவரின் பெருந்தன்மையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெருந்தன்மை மனநிலைக்கு மனநிலை மாறும். ஏற்பாடோ அப்படி மாறுவதன்று. வீடு தேடிப் போன பணியாளர் கசப்பான பதிலைக் கொண்டு வந்ததற்காக நெஞ்சுரம் எதுவும் காட்ட வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் அதைக் கொண்டு வருவதே அவருக்கு இடப்பட்ட வேலை.

இவ்வாறு கீழே உள்ளவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கட்டளைக்கு என்ன மதிப்பு, இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான், கேட்பதையே தொழிலாகக் கொண்டு, முடிவு எடுக்க வேண்டிய நாளில் இன்னொரு கூட்டம் போடும் தலைவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் கட்டளைக்குப் பேர்போன ராணுவத்தின் நடைமுறையைப் பாருங்கள். நம் ராணுவ நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு முன் உறுப்பினர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும்போது, பதவியில் மிகவும் கீழ்ப்பட்டவரிடமிருந்து தொடங்கி மேலே வருவதுதான் விதி. தளபதி முதலில் வாயைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு எஞ்சியவர்கள் சொல்வதெல்லாம் எதிரொலியாகவே இருக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் செய்த விதி அது. முடிவு சபையுடையதே, கீழ்ப்படிதலும் குறையவில்லை. வரிசை மட்டும் தலைகீழாக்கப்பட்டது. நம் அலுவலகக் கூட்டங்களிலோ தலைவர் அரைமணி நேரம் பேசி முடித்த பிறகு, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார். எல்லாரும் காப்பிக் கோப்பையைப் பார்க்கிறார்கள்.

அறுவைக் கூடத்தைப் பற்றியும் இதே ஆட்சேபம் சொல்லப்பட்டதுண்டு. கத்தியைக் கையில் எடுத்த மருத்துவர் செவிலியரிடம் ஓட்டு வாங்க முடியுமா என்றார்கள். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 அம்சங்கள் கொண்ட பாதுகாப்புப் பட்டியல் ஓட்டு எதுவும் கேட்கவில்லை. தோலைக் கீறுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துங்கள், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லட்டும், நோயாளி இன்னார், செய்யப் போவது இன்னது என்று எல்லாரும் உறுதி செய்யட்டும், கவலை ஏதேனும் இருந்தால் இப்போதே சொல்லட்டும் என்றுதான் கேட்டது. புது டில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் நேர்ந்த மரணங்கள் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் அறிவித்தார்கள். வாளை ஓங்குவதற்கு முன் காவலர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதானே: ஆள் இவன்தானா?

கேட்காமல் விட்டால் செய்தி வராமலே போய்விடும் என்று எண்ணுவதும் பேதைமை. வேறு வடிவத்தில், வேறு வேளையில் வரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் நிலையத்துக்கு அருகே எழுந்த ஹார்வி மில்லில் தொழிலாளியின் குறையைக் கேட்பார் இல்லாதிருந்தபோது, அது முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பின் உதவியோடு தொழிற்சங்கமாகவும் வேலைநிறுத்தமாகவும் வந்தது. அதன் பின்னரே கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. நம் கண் முன்னே நடந்ததோ மேலூர் விவகாரம். 2,015 ஹெக்டேருக்கு மேற்பட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரம் ஏலம் விடப்பட்டு, எடுத்த நிறுவனத்தின் பெயர் 2024 நவம்பரில் வெளிவந்த பிறகுதான், அதற்குள் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பகுதியும் அடங்கும் என்பது ஊரெங்கும் பேச்சாயிற்று. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 7 அன்று மக்கள் தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள், அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரத்து செய்தது நல்லதே. ஆனால் அந்தக் குன்றுகளைப் பற்றியும் கண்மாய்களைப் பற்றியும் உள்ளூர் வருவாய்த் துறை, வனத்துறைச் சிப்பந்திகளுக்குத் தெரியாத செய்தி எதையும் ஊர்வலம் சொல்லவில்லை. ஏலத்துக்கு முன்பே அவர்களின் அறிவு மேலே போய்ச் சேர்ந்து மதிக்கப்பட்டிருக்குமானால் அத்தனை பேர் அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டியதில்லை.

நான் விரும்புவது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஆண்டுதோறும் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களின் மடைகளையும் கலுங்குகளையும் வரத்துக் கால்வாய்களையும் பொறியாளர்கள் பார்வையிட்டு மராமத்துக்கு மதிப்பீடு போடுகிறார்கள். எந்த மடை அடைபட்டிருக்கிறது, எந்தக் கரையில் நீர் கசியும், கால்வாய் எங்கே ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் ஊர் வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். அவரையும் உடன் அழைத்துச் சென்று, பொறியாளர் தம் கருத்தைச் சொல்வதற்கு முன் அவரைப் பேசவிட்டு, அவர் சொன்னதைக் கோப்பில் அவர் பெயரோடு ஒரு பத்தியாக எழுதி, அதன் கீழே அதை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ உள்ள காரணத்தைப் பொறியாளர் தம் கையெழுத்தில் குறிக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போடலாம். மறுக்கலாம், பொறியாளருக்கு அந்த உரிமை உண்டு, பல வேளைகளில் அவர் மறுப்பதே சரியாகவும் இருக்கும். காரணத்தை எழுத வேண்டும் என்பது மாத்திரமே நிபந்தனை.